ஜார் மன்னரின் உத்தியோகத்தர்களைத் தேடிப் புக்கெகோஹிக்கு

மார்ச் மாதம் 14ஆம் திகதி, சனிக்கிழமை, காலை 9.10க்கு மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்து ரஷ்ய சாம்ராச்சியத்துக்குப் புறப்பட்டேன். 10.25க்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். தூரம் 48 கிலோமீற்றர். போய்வர ஒன்பது லீற்றர் பெற்றோல், 8 டொலர் 55 சதம். விசா தேவையில்லை. இதைவிட மலிவாக யாராவது ரஷ்யா போய் வந்திருந்தால் இந்தச் செய்தித்தாளுக்கு எழுதி அனுப்பட்டும். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

சரியாகச் சொன்னால் போனது புக்கெகோஹிக்குத்தான். நம்மவர்கள் வெங்காய மூட்டை வாங்கப் போகிற அதே புக்கெகோஹி. பட்டணத்துக்கு அப்பால் மூன்று கிலோமீற்றரில் லிதியா அம்மையார் என்று ஒரு ரஷ்ய மூதாட்டி இருக்கிறார். அவருடைய குடும்பம் தோரோகின் குடும்பம். நாலு தலைமுறையாக ஜார் மன்னர்களின் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்த பிரபு வம்சம். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. ஆனால் போன காரணம் வேறு. அது சூசைதாசன்.

சூசைதாசன் மன்னார் ஆள், பென்ரோசில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. எனக்கு இரண்டு தெரு தள்ளி, நாலு தனியன்கள் ஒரு வீட்டில் ஒண்டியிருக்கிறார்களே, அதில் ஓர் அறை அவனுடையது. மனைவி ஸ்டெல்லாவும் பிள்ளைகளும் படகேறிப் போய் இராமேஸ்வரத்துக்குக் கிட்ட ஒரு முகாமில் இருந்தார்கள். அவர்களைக் கண்டு இரண்டரை வருடம். குடிவரவு அலுவலகம் ஒரு வழியாக இறங்கிவந்து, வேலைக் கடிதம் சரி, இனி ஒரே ஒரு கடதாசிதான் பாக்கி என்றது. இந்நாட்டுப் பிரசை ஒருவர், குடும்பம் வந்தால் தங்க என்னிடம் வீடு இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஏப்ரல் 3க்குள். தவறினால் கோப்பு மூடப்படும். மீண்டும் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். ஐந்து வீட்டுக்காரரிடம் போனான். ஐவரும் தேநீர் கொடுத்தார்கள். வீடு கொடுக்கவில்லை.

அந்தக் கோப்பைத் தயாரித்தது அடியேன். ஊரில் கச்சேரியில் இருபத்திரண்டு வருடம், கடைசியில் தலைமை எழுதுவினைஞர். (புதிதாக வந்த தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் கச்சேரியில் பாட்டு இல்லை, அது அரசாங்கக் காரியாலயம்.) இங்கே தபால் பிரிக்கிறேன். பதவி போனாலும் பேனா போகவில்லை என்பதால் ஊர்ப்பட்ட விண்ணப்பப் படிவமெல்லாம் என் சாப்பாட்டு மேசைக்குத்தான் வரும். என் மனைவி கமலா அந்த மேசைக்கு "கிளைக் கச்சேரி" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

லிதியா அம்மையாரைப் பற்றிச் சூசைக்குச் சொன்னது அவனுடன் வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரர். வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறையுள்ள சின்ன வீடு, எட்டு மாதமாகக் காலி, கேட்டுப் போன எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார் என்று தகவல். ஒரே ஒரு கேள்வி கேட்பாராம். பதில் பிடிக்காவிட்டால் வாசலைக் காட்டுவாராம். கேள்வி என்னவென்று திரும்பி வந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நான் நம் ஆட்கள் மத்தியில் இரண்டு நாள் விசாரித்ததில், அம்மையார் ஜாரின் மருமகள் என்றும், ஜாரின் சமையற்காரி என்றும், கிணற்றுக்குள் தங்கம் வைத்திருக்கிறார் என்றும் மூன்று உறுதியான செய்திகள் கிடைத்தன. புக்கெகோஹியில் கிணறு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, நல்ல செய்தியைக் கெடுக்கக் கூடாது.

கேள்வி என்னவென்று நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் வீடு வாடகைக்குக் கொடுக்க முன் கேட்பதும் ஒரே கேள்விதான். "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்து, எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி, ஆருடைய பேரன் என்று நாலு சுற்றுச் சுற்றி, கேட்க வேண்டியதை வாயால் கேட்காமலே தெரிந்துகொள்வோம். சாதாரண ஓய்வூதியக்காரனே அப்படியென்றால் ஜாரின் பிரபுக் குடும்பம் என்ன கேட்கும்? வம்சம்தான். எங்கள் சூசையிடம் வம்சம் காட்ட வசதியில்லை. ஆகவே அவருடைய வம்சத்தை நாங்கள் புகழ்ந்துவிடுவது. பெரிய இடத்தில் காரியம் பார்க்க இதைவிட வேறு வழி எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் அதைத்தான் பார்த்தேன்.

மூன்று மாலைகள் நூலகத்தில் இருந்தேன். தலையணை மொத்தத்தில் ஒரு ரஷ்ய சரித்திரம் அகப்பட்டது. அதில் தோரோகின்களுக்கு ஒன்றரைப் பக்கம். முதல் தோரோகின் மாகாண ஆளுநர். அவர் மகன் உள்நாட்டு அமைச்சில் ஒரு திணைக்களத்தின் தலைவர், பிறகு மன்னரின் அரசாங்க சபையில் உறுப்பினர். அவர் மகன் அதே திணைக்களம். வாசிக்க வாசிக்க எனக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. மகா பீட்டர் காலத்தில் போட்ட ஒரு பதவிப் பட்டியல் அங்கே இருந்திருக்கிறது. பதினான்கு படிகள். கீழே பதினான்காம் படியில் எழுத்தர். மேலே முதலாம் படியில் மன்னரின் பிரதம மந்திரி போன்றவர். ஒரு காலம் எட்டாம் படி ஏறினாலே பிள்ளை குட்டி எல்லாம் பரம்பரைப் பிரபு. ஒவ்வொரு படிக்கும் வேறு சீருடை, வேறு மரியாதை விளிப்பு. நாங்கள் பதவி உயர்வுக்கு மூன்றாம் தரம், இரண்டாம் தரம், வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை என்று பட்ட பாட்டை, அவர்கள் தங்கப் பொத்தான் போட்டுப் பட்டிருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டில் இதை நான் விரித்துச் சொல்ல, கமலா சோறு போட்டபடியே சொன்னாள்: "ரஷ்யாவில ராசா போய் எழுபது வருசம். நீங்கள் இப்பத்தான் அதில உத்தியோகத்துக்கு மனுப் போடுறியள்."

இருந்தாலும் வெறுங்கையோடு விடவில்லை. முதல்நாளே இருபது ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்தாள். மிஞ்சிய கடலைப்பருப்பில் பத்து வடையும் சுட்டுத் தாளில் சுற்றி வைத்தாள்.

இனி வழி. மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்து கிழக்கே ஓடி, பென்ரோசில் தெற்கு மோட்டர்வேயில் ஏறுங்கள். சனி காலையில் நெரிசல் இல்லை. டிரூரியில் இறங்கி வலப்பக்கம் திரும்பி, பாராட்டா ஊடாகப் போனால் பட்டணம். இதில் 55 நிமிடம் போதும். எங்களுக்கு 75 நிமிடம் ஆனது, என் கார் பாப்பகுராவில் சூடேறி மூச்சுவாங்க நின்றதால். போனற்றைத் திறந்து வைத்துவிட்டு நாங்களும் ஆறினோம். டெயறி என்கிற மூலைக்கடை ஒன்றில் ஐஸ்கிறீம், 60 சதம். சூசை வேண்டாம் என்றான். தவக்காலம், இறைச்சி, சிகரெட், இனிப்பு மூன்றையும் விட்டிருக்கிறானாம். நான் இரண்டு ஐஸ்கிறீமையும் தின்ன வேண்டி வந்தது. சிநேகத்துக்காகச் செய்ய வேண்டியிருக்கிறது.

டிரூரி தாண்டியதும் அதுவரை பேசாமல் வந்தவன் மெல்லக் கேட்டான்.

"அண்ணை, திரேசாவைப் பற்றி அவவிட்டச் சொல்லட்டோ?"

"தம்பி, கோப்பில இல்லாத பெயரை வாயாலயும் சொல்லக் கூடாது," என்றேன்.

திரேசா யார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லாவின் தங்கையின் மகள், ஆறு வயது. தாயும் தகப்பனும் ஒரே நாளில் போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஸ்டெல்லாவின் பிள்ளைகளோடு மூன்றாவது பிள்ளை. ஆனால் தத்தெடுத்த பத்திரம் இல்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரம் வீட்டோடு எரிந்துவிட்டது. கோப்பு எழுதும்போது அந்தப் பெயரை எடுத்துவிடச் சொன்னவன் நான். மனைவி, இரண்டு மகள், மூன்றே பெயர். முதலில் இவர்கள் வரட்டும், அவள் முகாமிலுள்ள கன்னியாஸ்திரிகளோடு இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். கோப்பு மெலிவாக இருந்தால் வேகமாக நகரும். என் சேவைக்காலம் முழுவதும் நான் கற்றது அந்த ஒரு வரிதான். சூசை கையெழுத்து வைத்தான். அண்ணை அரசாங்கத்தில் இருந்த ஆள், அண்ணைக்குத் தெரியும் என்றான்.

புக்கெகோஹியின் மண் செம்மண். கண்டதும் நான் உருகி, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் மண் மாதிரி இருக்கிறது பார் என்று காரை மெதுவாக்கினேன். சூசை எட்டிப் பார்த்துவிட்டு, மன்னாரில் இப்படி மண் இல்லை அண்ணை, பொழுதுபட முன்னம் போவம் என்றான். காலை பத்தேகால் மணி. வழியோர மரக்கறிக் கொட்டிலில் குஜராத்தி ஒருவர் பத்துக் கிலோ வெங்காயம் நாலு டொலருக்கு விற்றுக்கொண்டிருந்தார். ரஷ்ய அம்மையாரின் வீடு எது என்று கேட்டேன். சிவப்புத் தகரக் கூரை, வாசலில் ஒரு ஆடு, ஆட்டுக்கு முதலில் வணக்கம் சொல்லுங்கள் என்றார். பகிடி என்று நினைத்தேன். அது பகிடியில்லை. வணக்கம் சொல்லாமல் படலையைத் திறந்த என் காற்சட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தால் உங்களுக்கு விளங்கும்.

அம்மையார் வெங்காயத் தாள் வெட்டிக்கொண்டு நின்றார். எழுபத்தெட்டு வயது, உயரம், ரப்பர் சப்பாத்து, முழங்கை கிழிந்த ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டை. நான் நூலகத்தில் பாடமாக்கிய முழு விளிப்பையும், "அதிமேன்மை தங்கிய" என்று தொடங்கி, தலையைக் குனிந்து சொன்னேன். முதலிரண்டு படிக்காரருக்கு மட்டும் உரிய விளிப்பு அது. அவர் கத்தியைத் துடைத்துவிட்டு, தான் ஏற்கனவே ஒரு சமயத்தில் இருப்பதாகவும், துண்டுப்பிரசுரம் வேண்டாமென்றும் சொன்னார்.

சூசை வீட்டு விசயம் என்று விளக்கிய பிறகு உள்ளே விட்டார். நான் ரோல்ஸை நீட்டினேன். தங்கள் திருச்சபையிலும் தவக்காலம், இறைச்சி, முட்டை, பால் மூன்றும் கிடையாது என்றார். அவரும் சூசையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மட்டும் அந்த அறையில் அஞ்ஞானி. கடைசியில் வடைப் பொட்டலம் மானத்தைக் காப்பாற்றியது. அம்மையார் மூன்று வடை சாப்பிட்டார், பால் விடாத தேநீரோடு. சூசை இரண்டு. ரோல்ஸ் முழுவதும் என் மடியில் கிடந்தது.

இதுதான் சமயம் என்று எழுந்து நின்றேன். ஆளுநர் தோரோகினில் தொடங்கி, அமைச்சுக்கு வந்து, அரசாங்க சபைக்கு ஏறி, பதினொரு நிமிடம் புகழ்ந்தேன். சாம்ராச்சியத்தைத் தாங்கிய தூண்கள் என்றேன். அப்படிப்பட்ட வம்சத்தின் நிழலில் ஒதுங்க வந்திருக்கிறோம் என்று முடித்தேன். சூசை தரையைப் பார்த்தபடி இருந்தான். அம்மையார் பொறுமையாகக் கேட்டார். சுவரில் மூதாதையர் படம் எதுவும் இல்லையே என்று நான் கண்ணால் தேடுவதையும் கவனித்துவிட்டார். வாரும் என்று பின்பக்கம் கூட்டிப்போனார்.

உடுப்புத் துவைக்கும் அறை. ஒரு மெஷின், கயிற்றில் தொங்கும் வெங்காயக் கோர்வை, அவற்றுக்கு மேலே ஒரு பெரிய சட்டம். உள்ளே தங்கப் பொத்தானும் நட்சத்திரமுமாக ஒரு கனவான். அம்மையாரின் பூட்டனார், பாட்டனாரின் தகப்பன், அரசாங்க சபை உறுப்பினர். உயிரோடிருந்தபோது துணி துவைப்பதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை, அதுதான் இங்கே வைத்தேன் என்றார்.

அடுத்து அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழிலேயே தருகிறேன். ரஷ்யச் சீமாட்டி யாழ்ப்பாணம் கதைக்கிறாரே என்று யாரும் ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டாம். எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது.

"நல்ல மனுசன் இவர். ஒருத்தரையும் ஏசினதில்லை. அந்த நாளில ஒரு குடியானவன் தன்ர ஊரை விட்டு வேலைக்குப் போறதெண்டாலும் கடதாசி வேணும். யூதச் சனம் எந்த மாகாணத்தில இருக்கலாம், எதில இருக்கக் கூடாது எண்டதுக்கும் கடதாசி. அந்தக் கடதாசியெல்லாம் இவற்ற மேசைக்குத்தான் வரும். இவர் ஒரு நாளும் 'இல்லை' எண்டு எழுதினதில்லையாம். பெயரை வெட்டிப்போட்டு, பக்கத்தில 'பிறகு பார்ப்போம்' எண்டு எழுதுவாராம். எழுத்து முத்து மாதிரி. பாட்டனாரும் அதே மேசை. அப்பா இருபத்து மூண்டு வயசில பத்தாம் படியில சேர்ந்தார். அவர் ஏற முதல் சாம்ராச்சியம் இறங்கிட்டுது."

அவர்கள் குடும்பம் கிழக்கே ஓடிச் சீனாவில் ஹார்பினுக்கு வந்தது, பிறகு ஷாங்காய். நாடும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. நாலு வருடம் கந்தோர் கந்தோராக வரிசையில் நின்றார்களாம். ஒரு கந்தோரில் ஓர் அதிகாரி மிகவும் மரியாதையானவர். உட்காரக் கதிரை தந்தார். தாயின் பெயரையும் லிதியா அம்மையாரின் பெயரையும் எழுதிக்கொண்டார். அக்காவின் பெயருக்கு வந்தபோது அவளுடைய கடதாசியில் ஒரு முத்திரை குறைகிறது, பிறகு பார்ப்போம் என்றார்.

"எனக்கு அந்த முகத்தை முதலே தெரியும். எங்கட சாப்பாட்டு மேசையில கண்டிருக்கிறன்," என்றார் அம்மையார். "பிறகு எண்ட ஒண்டு வரேல்லை."

பின் என் பக்கம் திரும்பி, நீர் என்ன உத்தியோகம் பார்த்தீர் என்று கேட்டார். அரசாங்கம், இருபத்திரண்டு வருடம் என்றேன். அதுவரை அதைச் சொல்லும்போது என் நெஞ்சு ஓர் அங்குலம் முன்னுக்கு வரும். அன்று வரவில்லை.

"நீர் என்ன எழுதுவீர்?"

"'பரிசீலனையில் உள்ளது' எண்டு," என்றேன்.

அவர் சிரித்தார். ஏளனமாக அல்ல, சொந்தக்காரரைக் கண்ட மாதிரி. பூட்டனார் இருந்திருந்தால் உம்மைத் தன் கந்தோருக்கு எடுத்திருப்பார் என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய பதவி உயர்வு அது. ஒன்பதாம் படி கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஓடி ஒளிய இடம் தேடினேன். அறையில் துணி மெஷின் மட்டும்தான் இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் என்னை விட்டுவிட்டுச் சூசையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். எட்டு மாதமாக எல்லோரையும் திருப்பி அனுப்பிய கேள்வி. வம்சமும் இல்லை, குலமும் இல்லை.

"எத்தினை பேர்? பெயர் சொல்லி எண்ணிக் காட்டும்."

சூசை விரல் மடித்தான். ஸ்டெல்லா. றீற்றா. அஞ்சலா. மூன்று விரல். அங்கே நின்றான். நான் தொண்டையைச் செருமினேன்; தலைமை எழுதுவினைஞர் செருமினால் கீழே இருப்பவனுக்கு விளங்க வேண்டும். இவன் என் பக்கம் பார்க்கவே இல்லை. மடித்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு பிள்ளை இருக்கு, அம்மா. திரேசா. என்ர பிள்ளை இல்லை, ஆனால் என்ர பிள்ளைதான். அவளைக் கடதாசியில போடேல்லை. நாலு பேர் எண்டால் வீடு தரமாட்டினம் எண்டு..." போட வேண்டாம் என்றது யார் என்று அவன் சொல்லவில்லை. அந்த மரியாதைதான் என்னை அதிகம் சுட்டது.

"ஏன் போடேல்லை எண்டு நான் கேக்கேல்லை. எல்லாரும் குறைச்சுத்தான் சொல்லுவினம், பயம். விட்ட பெயரைத் திருப்பிச் சொன்னது நீர் ஒருத்தர்தான். நான் நாலு பேருக்கு எழுதுறன், இல்லாட்டி ஒருத்தருக்கும் எழுதமாட்டன்," என்றார் அம்மையார். பிறகு என்னைப் பார்த்து, "பேனை வைச்சிருக்கிறீரே?"

பேனை இல்லாமல் நான் வெளியே போவதில்லை. கொடுத்தேன். ஒவ்வொரு பெயரையும் சூசை எழுத்துக் கூட்டிச் சொல்ல, ஆளுக்கொரு வரியாக எழுதினார். கீழே முழுப் பெயரும் வைத்துக் கையெழுத்திட்டார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. வாடகை கிழமைக்கு எழுபது டொலர், வெங்காயம் இலவசம், ஆட்டோடு சமாதானமாகப் போவது குடியிருப்பாளரின் பொறுப்பு.

11.50க்குப் புறப்பட்டோம். குஜராத்திக்காரரிடம் ஒரு மூட்டை வெங்காயம் வாங்கினேன். சூசைக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பட்டது. மோட்டர்வே ஏறும் வரை வசனம் கட்டிக்கொண்டு வந்தேன். தம்பி, என்னில் பிழை என்று தொடங்கித் திரும்பினால், வாயைத் திறந்தபடி நித்திரை. இந்த இரண்டரை வருடத்தில் அவன் ஒழுங்காக உறங்கியதில்லை என்று அறைத் தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். எழுப்பவில்லை. பென்ரோசில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, நகரப் பக்கமாகச் சுற்றி, பத்துக் கிலோமீற்றர் கூட ஓட்டினேன்.

அன்று பின்னேரமே கிளைக் கச்சேரி கூடியது. நாலு பெயரோடு கோப்பைப் புதிதாக எழுதினேன். மெலிவான கோப்பு தடித்துக் கொழுத்தது. மன்னார்ப் பங்குத் தந்தையிடமிருந்து ஞானஸ்நானப் பதிவின் பிரதி, முகாம் கன்னியாஸ்திரியின் கடிதம், சத்தியக் கடதாசி என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பின்னினேன். ஒரு பெயர் எப்படி விழும் என்று தெரிந்தவனுக்கு, அது விழாமல் எப்படிக் கட்டுவது என்றும் தெரியும். இவ்வளவு காலம் அந்தப் பக்கமாக யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அம்மையாரின் கடிதம் ஏப்ரல் 1 அன்று கையளிக்கப்பட்டது. மே மாதக் கடைசியில் பதில் வந்தது. நாலு பேரும் வரலாம்.

இதே பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காரில் போங்கள், சனிக்கிழமை பஸ்ஸை நம்பினால் திங்கட்கிழமைதான் திரும்புவீர்கள். மழை பெய்திருந்தால் நல்ல சப்பாத்துப் போடாதீர்கள், செம்மண் விடாது. வெங்காயம் கொட்டிலில் வாங்குங்கள், பட்டணத்தில் ஒரு டொலர் கூட. தோரோகின் குடும்பத்தின் பெருமையைப் பேசிச் சலுகை எதிர்பார்க்க வேண்டாம். அம்மையார் இப்போது விருந்தாளிகளைத் தேநீருக்கு வரவேற்கிறார். ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு, பருப்பு வடை கொண்டுபோங்கள். பூட்டனாரைப் பார்க்க விரும்பினால் துவைக்கும் அறைக்குக் கேட்டுக்கொண்டு போங்கள். அரசாங்க உத்தியோகம் பார்த்த நம்மவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தரம் அவர் முன்னால் நின்றுவிட்டு வருவது நல்லது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், முதுகு வலிக்கும்.

விமான நிலையத்துக்கு ஆளை எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு, ஏனென்றால் ஜூன் 27 அன்று நாங்கள் போனோம். மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்து 14 கிலோமீற்றர், இருபத்தைந்து நிமிடம். சிங்கப்பூர் விமானம் 11.20க்கு இறங்கியது, ஆட்கள் வெளியே வர இன்னும் ஒன்றேகால் மணி நேரம். கம்பளிச் சட்டைகளைக் கையில் வைத்திருங்கள், குளிர்காலத்தில் மெல்லிய உடுப்போடு வந்து இறங்குவார்கள். அம்மையாரும் வந்திருந்தார், ரப்பர் சப்பாத்து இல்லாமல், தலையில் துணி கட்டி. கதவு திறக்கத் திறக்கச் சூசை விரல் மடித்தபடி நின்றான். ஸ்டெல்லா பெட்டி அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பக்கத்தில் றீற்றா, அஞ்சலா. மூன்று. சூசையின் கை அப்படியே நின்றது. அம்மையார் என் முழங்கையைப் பிடித்தார். எழுபத்தெட்டு வயதுக்கு நல்ல பலம். வண்டி தடுப்புக் கம்பியைச் சுற்றித் திரும்பிய பிறகுதான், வண்டிக்கு மற்றப் பக்கம் அதன் கம்பியைப் பிடித்தபடி நடந்து வந்த ஆறு வயதுப் பிள்ளை தெரிந்தது.

ஆகவே வெளியே வரும் கதவுக்கு இடப்பக்கமாக நில்லுங்கள். வலப்பக்கம் நின்றால் பெட்டிகள் மறைத்துவிடும், சின்னப் பிள்ளைகளைக் காண முடியாது.